புழு அக்கா மறுக்கிறார்

தோப்பில் தலைவர் கிடையாது. இதை என்னிடம் மூன்று தலைவர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள்.

தோப்பு என்பது செல்போனில் இருக்கும் ஓர் இடம். பெரிய நிறுவனங்கள் நடத்தும் இடங்களில் விளம்பரம் அதிகம், வேவு அதிகம் என்று கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். அதற்கு முதலாளி இல்லை. ஊர் ஊராக நூற்றுக்கணக்கான சின்னக் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒவ்வொரு கணினியும் ஒரு மரம். அதில் சேர்ந்தவர்கள் போடும் செய்தி இலை. அழித்தால் உதிர்ந்தது என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவன் நாற்று. பழையவர்கள் வேரூன்றியவர்கள். என் மனைவி இதையெல்லாம் சிரிக்காமல் சொல்வாள்.

அவள் பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளர். பகல் முழுவதும் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசுவாள். அவர்களால் பதில் சொல்ல முடியாது. மாலையில் மொட்டைமாடியில் தொட்டிச் செடிகளிடம் பேசுவாள். அவையும் அப்படித்தான். அந்தப் பேச்சைப் போனில் பதிந்து தோப்பில் போடுவாள். 'ஈரமண்' என்ற மரத்தில், 'மண்புழு' என்ற பெயரில், ஆயிரக்கணக்கான குரல் இலைகள். அவள் இருந்தவரை நான் அதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. அதே பேச்சு வீட்டில் நேரடியாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

அவள் போனுக்குப் பூட்டுப் போட்டதில்லை. நான் அதைத் தினமும் சார்ஜ் போட்டேன். எதற்கு என்று மகள் கேட்டாள். அணைந்துவிடுமே என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், பிரேக் கட்டையை மாற்றிவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் போனில் முதல் தடவையாகத் தோப்பைத் திறந்தேன். அவள் பக்கத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தள்ளினேன். ஏதோ ஒரு பழைய இலையில் போய் நின்றது. தொட்டி மண்ணில் எவ்வளவு மணல் கலக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள். முகத்தைப் போனிலிருந்து திருப்பிக்கொண்டது கேட்டது.

"ஏங்க," என்றாள்.

அது நான்.

அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் கற்றாழைப் படம் போட்டார். புது இலை வந்தால் தோப்பில் திரை தானாக உச்சிக்குப் போய்விடும். குரல் நின்றது. நான் கற்றாழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

தோப்பில் தேடும் வசதி இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒரு விளக்கம் இருந்தது: 'தேடுவது வேட்டையின் முதல் படி. நாங்கள் வேட்டைக்கு எதிரானவர்கள்.' எனவே உச்சியிலிருந்து ஒவ்வொரு இலையாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கும்போது யாருடைய செம்பருத்தியாவது பூக்கும். மறுபடி உச்சி. அவள் பின்தொடர்ந்த ஆட்களுக்குக் கணக்கே இல்லை. எல்லோரும் எதையாவது வளர்த்தார்கள். தண்ணீர் ஊற்றும் நேரத்தில் போனைக் கையில் எடுக்கவே முடியாது.

மகள் வழி சொன்னாள். அவளுக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் புகார்களைக் கேட்கும் வேலை. எல்லாவற்றுக்கும் வழி சொல்வாள்.

"உங்க பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிங்கப்பா. அம்மாவை மட்டும் பின்தொடருங்க. வேற யார் இலையும் வராது. திரை குதிக்காது."

"அம்மா கணக்குலேயே மத்தவங்களை எடுத்துட முடியாதா?"

"எதை மாத்தினாலும் கடவுச்சொல் கேக்குது. அம்மா கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்கே தெரியாது."

"அப்படி என்னதான் சொல்லியிருப்பாங்க? குப்பையை எடுத்துட்டுப் போகச் சொல்லியிருப்பாங்க."

"இருக்கலாம்."

"மாடிக் கதவைச் சாத்தச் சொல்லியிருப்பாங்க."

"இருக்கலாம்மா. எதுன்னு தெரியணும்."

தோப்பில் சேர முதலில் மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைப் பற்றி ஒரு நீண்ட பக்கம் இருந்தது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதான் என்று அதன் கடைசி வரி சொன்னது. 'உயரம்' என்று ஒரு மரம் இருந்தது. என் தொழிலுக்குப் பொருத்தம் என்று சேர்ந்தேன். அது மலையேறுபவர்களுடையது. ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று வாசலில் கேட்டார்கள். என் மனைவி தோப்பில் இருக்கிறாள் என்று எழுதினேன். குடும்பமாக வருவது மகிழ்ச்சி என்று பதில் வந்தது. பெயர் கேட்டார்கள். 'லிஃப்ட்' என்று கொடுத்தேன்.

அங்கிருந்து மனைவியின் பக்கத்தைத் திறந்தேன். அவள் படம் இருந்தது. மண் ஒட்டிய கட்டைவிரல். அதைத்தான் படமாக வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி. அதற்குக் கீழே ஒரே வரி: 'இவர் இதுவரை எதுவும் பேசவில்லை.'

அந்த வரியைப் பல தடவை படித்தேன். பிறகு மலையேறுபவர்களின் ஒருங்கிணைப்பாளரை அழைத்துக் கேட்டேன்.

"இங்க தலைவர்னு யாரும் இல்லைங்க. இருந்தாலும் நான் சொல்றேன்," என்றார். "ஒரு மரத்துலேர்ந்து பாத்தா இன்னொரு மரத்தோட பழைய இலை தெரியாது. நீங்க பின்தொடர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அவங்க பேசினா தெரியும்."

"இனிமே அவ பேச மாட்டா."

"ஏன், கோவமா?"

அவள் போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன்.

"கொஞ்சம் இடம் கொடுங்க சார். தானா பேசுவாங்க," என்றார்.

எனவே மரம் மாற வேண்டியிருந்தது. வரப்போகிறேன் என்று புது மரத்தில் சொல்ல வேண்டும். போகப்போகிறேன் என்று பழைய மரத்தில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றை ஒன்று ஒப்புக்கொண்டால் பெயர்த்து நடுவார்கள். நடும்போது நம்மைப் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். நாம் பேசியது எதுவும் வராது. என்னைப் பின்தொடர்ந்தவள் மகள் ஒருத்திதான். அவள் வந்தாள். மலையேறும் ஒருவரும் ஏனோ கூடவே வந்தார்.

ஈரமண்ணில் நாற்றுகளுக்குப் புது இலைகள் மட்டுமே தெரியும். பழையதைப் பார்க்க வேரூன்ற வேண்டும். அதற்கு முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். நான் எழுதினேன்: 'என் மனைவி மண்புழு இறந்துவிட்டாள். அவள் குரலைக் கேட்க வந்திருக்கிறேன்.'

உடனே எச்சரிக்கை வந்தது. இறப்பைப் பற்றிப் பேசினால் அதன் மேல் ஒரு திரைச்சீலை போட வேண்டும். சீலையின் மேல் உள்ளே இருப்பது என்ன என்று எழுத வேண்டும். பார்க்கத் துணிந்தவர்கள் விலக்கிப் பார்ப்பார்கள். நான் சீலை போட்டு 'இறப்பு' என்று எழுதினேன். இரண்டாம் எச்சரிக்கை வந்தது. உள்ளே மனைவியும் இருப்பதால் அதையும் குறிப்பிட வேண்டும்; மனைவி இல்லாதவர்கள் புண்படக்கூடும். 'இறப்பு, மனைவி' என்று மாற்றினேன். சீலையின் மேல் எழுதியிருந்ததைப் படித்துச் சிலர் புண்பட்டார்கள். சீலைக்கு மேல் ஒரு சீலை போடச் சொன்னார்கள். அதில் எதுவும் எழுதக்கூடாது என்றார்கள். போட்டேன். அதன் பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

பாசி என்பவர் போனில் கூப்பிட்டார். ஈரமண்ணின் கணினி அவர் வீட்டில்தான் இருந்தது. தலைவர் அல்ல. மெதுவான குரல்.

"அண்ணே, உங்க வலி எங்களுக்குப் புரியுது. ஆனா புழு அக்கா இறந்துட்டாங்கன்னு நாங்க எப்படி எடுத்துக்கறது?"

"இறப்புச் சான்றிதழ் இருக்கு. அனுப்பறேன்."

"அதுல அவங்க நிஜப் பேர் இருக்குமே?"

"இருக்கும்."

"ஒரு உறுப்பினரோட நிஜப் பேரை வெளிய விடறது இங்க பெரிய குத்தம்ணே. அனுப்பிடாதீங்க. அனுப்பினா நீங்க வெளியேற வேண்டி வரும். நான் வெளியேத்த மாட்டேன். இங்க யாரும் யாரையும் வெளியேத்தறதில்ல. அது தானா நடக்கும்."

"அப்போ எப்படித்தான் நிரூபிக்கறது?"

"அக்காவே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டேன்.

"அவ எப்படிங்க சொல்லுவா?"

"அண்ணே, பச்சைப் புள்ளி எரியுது. காலையிலகூடப் பாத்தேன்."

"அவ போனை நான்தான் சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன்."

"பாத்தீங்களா," என்றார் பாசி, மிகவும் கனிவாக. "உங்களுக்கே மனசு வரல. எங்களை மட்டும் நம்பச் சொல்றீங்க."

தோப்பில் எல்லா முடிவையும் எல்லோரும் சேர்ந்து எடுக்கிறார்கள். ஒரு தீர்மானத்தைத் தொங்கவிடுவார்கள். மறுக்காதவர் ஒப்புக்கொண்டவர். மழைக்காலத்திலிருந்து ஈரமண்ணில் நிறையத் தீர்மானங்கள் வந்திருந்தன. என் மனைவி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தாள். இவ்வளவு அனுசரித்துப்போகும் ஆளைப் பார்த்ததே இல்லை என்று அவள் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். வீட்டில் அவள் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பிலிருந்து மகளின் படிப்புவரை எதையும் ஒரே தடவையில் ஒப்புக்கொண்டவள் அல்ல.

தோப்பில் காட்டிய அந்த அனுசரிப்புக்காகவே அவளை நிழற்குழுவில் போட்டார்கள். புகார்களை விசாரிப்பது நிழற்குழு. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

என் மீதான எச்சரிக்கைகள் அந்தக் குழுவுக்குப் போயின. நான் இரண்டு மாடிகளுக்கு நடுவே, லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். தீர்ப்பு வந்தது. 'எச்சரிக்கைகள் உறுதிசெய்யப்படுகின்றன. "லிஃப்ட்" தொடர்ந்து நாற்றாகவே இருப்பார். ஒப்புக்கொண்டவர்கள்: பாசி, கள்ளி, மண்புழு.'

மாலையில் மகளிடம் காட்டினேன்.

"அம்மாவே உங்க மேல நடவடிக்கை எடுத்துட்டாங்களா?"

"இது ஒண்ணுதான் நிஜமாவே அவ செய்யற மாதிரி இருக்கு."

மகள் சிரித்தாள். பிறகு இருவரும் அலமாரிமேல் இருந்த அவள் போனைப் பார்த்தோம்.

அது சும்மா இருக்கவில்லை. குழுவில் சேர்ந்ததிலிருந்து பலர் அவளுக்குத் தனியாக எழுத ஆரம்பித்திருந்தார்கள். ஒரு பெண் தன் கணவனின் குறட்டையைப் பற்றித் தினமும் எழுதினாள். குறுக்கே பேசாமல் கேட்பவர் நீங்கள் ஒருவர்தான் அக்கா என்று முடிப்பாள். ஒருவர் வேலையை விடலாமா என்று கேட்டிருந்தார். அடுத்த நாள், விட்டுவிட்டேன், தைரியம் கொடுத்ததற்கு நன்றி என்று எழுதினார். ஒவ்வொன்றும் வரும்போது போன் அதிரும். அலமாரியின் கண்ணாடிக் கதவும் கூடவே அதிரும். அடுக்களையில் இருந்தால் யாரோ கதவைத் தொட்டுத் திறக்கிற மாதிரி கேட்கும். நாங்கள் சாப்பிடுவதை நிறுத்துவோம். மறுபடி சாப்பிடுவோம்.

அப்போது இலையுதிர் காலம் அறிவிக்கப்பட்டது. கணினியில் இடம் போதவில்லை. குரல் இலைகள்தான் அதிகம் அடைத்துக்கொண்டிருந்தன. எனவே ஈரமண்ணில் உள்ள எல்லாக் குரல்களையும் உதிர்ப்பது என்று தீர்மானம். நேரில் கூடிப் பேசிவிட்டு அன்றே உதிர்ப்பார்கள். நாற்றுகளும் வரலாம், பங்கேற்க முடியாது.

கூட்டம் சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் நடந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் தலைப்பக்கம் என்று ஒன்று இருக்காது என்று வாசலில் ஒருவர் விளக்கினார். பாசி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மட்டும் மெத்தை இருந்தது. எல்லோரும் அதன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாற்காலியில் ஆள் இல்லை. அதன்மேல் ஒரு சிறிய திரையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். திரையில் மண் ஒட்டிய கட்டைவிரல். பக்கத்தில் பச்சைப் புள்ளி. புழு அக்கா வீட்டிலிருந்தே கலந்துகொள்கிறார் என்றார்கள். நாற்றுகளுக்கு நாற்காலி கிடையாது. நான் அந்த நாற்காலிக்குப் பின்னால் சுவரோரமாக நின்றேன். அவள் போன் என் சட்டைப்பையில் இருந்தது.

பாசி எழுந்தார்.

"நண்பர்களே. பெரிய நிறுவனங்கள் நம்ம வார்த்தைகளை நம்மைக் கேக்காம அழிச்சாங்க. அதைத் தாங்க முடியாமத்தான் நாம வெளிய வந்தோம். இங்க அப்படி இல்ல. இங்க கேட்டுட்டுத்தான் அழிப்போம். கேக்கறதுதான் மரியாதை. பதில் அவ்வளவு முக்கியம் இல்ல. பதில் சொல்லுன்னு ஒருத்தரை நெருக்கறதே ஒரு வன்முறை. அதனாலதான் பேசாம இருந்தாலே சரின்னு எடுத்துக்கறோம். யோசிச்சுப் பாருங்க, இவ்வளவு மென்மையான ஆட்சி உலகத்துல எங்க இருக்கு? கணினி என் வீட்டுத் துணி அலமாரியில இருக்கு. ராத்திரி பகலா ஓடி, என் சட்டை எல்லாம் சூடாகிக் கெடக்கு. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? அலமாரி என்னுது. கரண்டு என்னுது. அதோட கடவுச்சொல் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. ஆனா அதிகாரம்? அது உங்க எல்லார்கிட்டயும் இருக்கு."

யாரும் கைதட்டவில்லை. தோப்பில் கைதட்டுவது சத்தமில்லாதவர்களைப் புண்படுத்தும் என்பதால் விரல்களை மட்டும் அசைத்தார்கள்.

அடுத்து கள்ளி பேசினார். கூட்டக் குறிப்பு எழுதுபவர் அவர். "குரல்ங்கறது ஒரு பிடிமானம். பிடிச்சுக்கிட்டே இருந்தா வளர முடியாது. மரம் இலையைப் பிடிச்சுக்கிட்டா இருக்கு?"

நான் கையைத் தூக்கினேன்.

"நான் மறுக்கறேன்."

"நாற்றோட மறுப்பு செல்லாதுண்ணே," என்றார் பாசி. "ஆனா நீங்க மனசுல பட்டதைச் சொன்னதுக்கு நன்றி. கள்ளி, அதைக் குறிச்சுக்கோங்க."

கள்ளி குறித்துக்கொண்டார். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. 'ஒருவர் உணர்ந்தார்' என்று எழுதியிருந்தார்.

"வேரூன்றினவங்க மறுத்தா?"

"ஒருத்தர் மறுத்தாலும் தீர்மானம் அப்படியே நின்னுடும். அவ்வளவு சக்தி இருக்கு நம்ம ஒவ்வொருத்தருக்கும். ஆனா பாருங்க, இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட மறுத்ததில்ல. அவ்வளவு ஒத்துமை."

"மறுக்கணும்னா என்ன செய்யணும்?"

"போன்ல தீர்மானத்துக்குக் கீழ ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். கடவுச்சொல்கூட வேண்டாம். மறுக்கறது ரொம்பச் சுலபமா இருக்கணும்ங்கறது எங்க கொள்கை." அறையைச் சுற்றிப் பார்த்தார். "யாராவது?"

மின்விசிறி சுற்றியது. எல்லோரும் தங்கள் முழங்காலைப் பார்த்தார்கள். பாசி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் சட்டைப்பையிலிருந்து அவள் போனை எடுத்தேன். பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.

என் முன்னால் இருந்த நாற்காலியில் திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது. கட்டைவிரலுக்குக் கீழே எழுத்து வந்தது.

'மண்புழு மறுக்கிறார்.'

கள்ளியின் பேனா கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்க யாரும் குனியவில்லை. முதலில் ஒருவர் எழுந்தார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலியைப் பார்த்தபடி நின்றார்கள். அதற்குப் பின்னால் போனும் கையுமாக நின்ற என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

"அக்கா," என்றார் பாசி. குரல் உடைந்திருந்தது. "நீங்க எங்களோட ஒத்துப்போறீங்கன்னுல்ல நெனச்சிட்டிருந்தோம்."

"எனக்கும் பிடிக்கலதான்," என்று பின்வரிசையில் ஒரு பெண் முணுமுணுத்தாள். குறட்டைக்காரரின் மனைவியாக இருக்கலாம். பாசி திரும்பிப் பார்த்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பொத்தானை அழுத்தியது என் விரல். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் என் கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

மறுப்பை மறுத்தவரே காக்க வேண்டும் என்பது விதி. காரணம் எழுத வேண்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்க வேண்டும். ஒரு தடவை பேசாமல் இருந்துவிட்டாலும் மறுப்பு காய்ந்து விழும், குரல்கள் உதிரும். ஆகவே நான் பேச ஆரம்பித்தேன். அவள் போனில், அவள் பெயரில்.

முதலில் சுருக்கமாக எழுதினேன். அக்கா மாறிவிட்டார் என்று சந்தேகப்பட்டார்கள். பிறகு அவளைப் போல எழுதப் பழகினேன். அவள் எதையும் நேராக முடிக்க மாட்டாள். பார்த்துக்கலாம் என்று முடிப்பாள். இலையில் வெள்ளைப் பூச்சி, என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். நான் லிஃப்ட்டுக்குள் நின்றுகொண்டு எழுதினேன்: 'சோப்புத் தண்ணி தெளிச்சுட்டு, அது மேல கோவப்படாம ரெண்டு நாள் விடுங்க. பார்த்துக்கலாம்.' குறட்டைக்காரரின் மனைவிக்கு எழுதினேன்: 'எங்க வீட்லயும் உண்டு. ஒரு நாள் கேக்கலன்னா எழுந்து பார்ப்போம்.' வேலையை விட்டவருக்கு, மறுபடி போய்ச் சேரச் சொன்னேன்.

மகள் வாங்கிப் படித்தாள்.

"அப்பா, இது அப்படியே அம்மா," என்றாள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். வர நேரமாயிற்று.

அக்கா பேசிவிட்டார் என்ற செய்தி மற்ற மரங்களுக்கும் பரவியது. எல்லோரும் எழுதினார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் திரை உச்சிக்குக் குதித்தது. முன்பாவது இரண்டு, மூன்று இலை கீழே இறங்க முடியும். இப்போது விரலை வைத்த இடத்திலேயே அது இருப்பதில்லை. குரல்களைக் காப்பாற்றிவிட்டேன். அவற்றிடம் போக வழியில்லை. மணல் கலந்துகொண்டிருக்கும் அவள், ஏங்க என்று கூப்பிட்டுவிட்டு, கீழே எங்கேயோ அப்படியே திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

என் சொந்தக் கணக்கை நான் திறக்கவே இல்லை. நேரம் ஏது.

ஒரு விடுமுறை நாள் மதியம் அவள் போனுக்கு ஓர் அறிவிப்பு வந்தது.

'அன்புள்ள மண்புழு, உங்கள் குடும்பத்தைச் சேர்ந்த "லிஃப்ட்" நெடுநாளாக அசைவின்றி இருக்கிறார். அவருடைய பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது. அவர் இருக்கிறார் என்றால் கீழே தட்டவும். தட்டாவிட்டால், அவர் இல்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம். நீங்கள் தட்டும்வரை உங்கள் துக்கத்தை யாரும் குலைக்க மாட்டார்கள். புதிய இலை எதுவும் உங்கள் திரைக்கு வராது. உங்கள் மறுப்பும் அதுவரை வாடாது.'

இதற்கு முன்பே சிலர் அஞ்சலி போட்டிருந்தார்கள். முறையாகச் சீலைக்குள் போட்டிருந்தார்கள். பாசி எழுதியிருந்தார்: 'கடைசிவரை நாற்றாகவே வாழ்ந்தவர்.' கள்ளி எழுதியிருந்தார்: 'அவர் உணர்ந்தார்.' என் கூடவே மரம் மாறி வந்த மலையேறுபவர் எழுதியிருந்தார்: 'உயரங்களை நேசித்த மனிதர்.'

மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சான்றிதழ் அனுப்பறேன்னு சொன்னப்பகூட அம்மா இறந்ததை ஒத்துக்கல. உங்களை மட்டும் சுலபமா அனுப்பிட்டாங்க பாருங்க."

"நான் சார்ஜ் போடலையே."

"சரி சரி, தட்டுங்க. சொந்தக்காரங்க யாராவது இதைப் பாத்துட்டு அழுதுகிட்டு வந்து நிக்கப் போறாங்க."

கட்டைவிரலைப் பொத்தானுக்குமேல் கொண்டுபோனேன். அப்போதுதான் கவனித்தேன். திரை அசையவில்லை. தண்ணீர் ஊற்றும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இருந்தும் ஒரு செம்பருத்திகூட வரவில்லை.

விரலைப் பொத்தானிலிருந்து நகர்த்தி, அவள் பக்கத்தைத் திறந்து, கீழே தள்ளினேன். போனது. இன்னும் தள்ளினேன். போய்க்கொண்டே இருந்தது.

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். தன் போனில் பதிவுசெய்யும் பொத்தானைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

நான் எழுதியவற்றைத் தாண்டியதும் முதலில் வந்தவை அவள் கடைசி நாட்களில் பேசியவை. குரல் நூலாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே இருமினாள். கொஞ்சம் கீழே இருமல் குறைந்தது. இன்னும் கீழே படியேறி வந்து மூச்சு வாங்கினாள். அதற்கும் கீழே மூச்சு வாங்கவில்லை. கீழே போகப் போக அவளுக்கு உடம்பு சரியாகிக்கொண்டே வந்தது. ஓர் இலையில் பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினாள். ஓர் இலையில் பாடினாள். வெயில் சன்னலிலிருந்து சுவருக்குப் போயிருந்தது. நாங்கள் விளக்குப் போடவில்லை.

மணல் வந்தது.

ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு மண் என்றாள். கட்டியாக இருந்தால் உதிர்த்துக்கொள்ளச் சொன்னாள். நிறுத்தினாள். முகத்தைத் திருப்பினாள்.

"ஏங்க."

பதில் இல்லை. தொட்டியைத் தரையில் வைக்கும் சத்தம்.

"ஏங்க!"

தூரத்திலிருந்து, படிக்கட்டின் அடியிலிருந்து, ஓர் ஆண்குரல் எரிச்சலுடன் கேட்டது.

"என்ன?"

யார் அது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. இருக்கீங்களான்னு பார்த்தேன்," என்றாள் மனைவி.

பிறகு மணலுக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த இலை முடிந்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது. 'இது உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?' ஆம் என்று ஒரு பொத்தான். மிகவும் ஆம் என்று இன்னொன்று.

"பதிவாயிடுச்சுப்பா," என்றாள் மகள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "தெளிவா வந்திருக்கு. உங்க குரலும் இருக்கு." தன் போனைக் கீழே வைத்தாள். "இனிமேலாவது நீங்க இருக்கீங்கன்னு சொல்லிடலாமா? நான் தட்டறேன், கொடுங்க."

விரலை நீட்டினாள். நான் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்மா, மேல போயிடும்," என்றேன். "கீழ இன்னும் நிறைய இருக்கு."